மகளுக்கு வாய்த்தது யார் மூளை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். மனதளவில் நான் மட்டும் இல்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள், மனித மூளையையும் சிம்பன்சி மூளையையும் பக்கத்தில் வைத்து, மேலே இருக்கிற மடிப்புகளை ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். நானோ சலவைக் கடையில் காலமெல்லாம் துணிச் சுருக்கத்தை எடுத்தே பிழைத்தவன்; அவள் சுருக்கத்தை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள். ஓர் அப்பா-மகள் ஜோடி தேவைப்பட்டதால் நாங்கள் இருவரும் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்து எழுந்தோம். போன வாரம் சாப்பாட்டு மேசையில் நாலு பிளாஸ்டிக் மூளைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது, மற்றவை ஒரு தாய்ச் சிம்பன்சியுடையதும் அதன் குட்டியுடையதும். மடிப்பை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம், அதனால் நாலையும் ஒரே அளவில் அச்செடுத்திருந்தார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மடிப்புக்குள் தூசி இருந்தால் என் கை சும்மா இருக்குமா? சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். தூசி போச்சு, கூடவே பேர் எழுதின ஸ்டிக்கரும் போச்சு. "உங்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாதா?" என்றாள் உங்கள் தங்கை. நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மூளைகள் மடிப்புக்கு மடிப்பு அச்சு அசலாக ஒத்துப்போயின. மற்ற இரண்டும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஒத்துப்போன ஜோடி நானும் மகளும்தான் என்று தீர்மானித்து ஸ்டிக்கரை ஒட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. மாடிவீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு, "பாருங்க சார், என் மூளை அப்படியே பொண்ணுக்கு இறங்கியிருக்கு" என்று காட்டினேன். அவரும் கைகுலுக்கினார்.

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். நான் ஸ்டிக்கர் ஒட்டிய ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "அப்பா, இது நீங்க இல்ல, தாய்ச் சிம்பன்சி. நான்னு ஒட்டியிருக்கீங்களே, அது குட்டி. பொருந்தாத அந்த ரெண்டுதான் நாம" என்றாள். சிம்பன்சிக்கு மடிப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருமாம். நமக்கு அப்படி இல்லையாம், வளர்கிற வீடும் பழக்கமும் சேர்ந்து மாற்றுமாம். வாத்தியார் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

மச்சான், ஒரு குரங்குக்குத் தன் பிள்ளையிடம் இருக்கிற உரிமைகூட எனக்கு இல்லை. அவள் முதல் மார்க் வாங்கிய நாள் முதல் "என் மூளை" என்பேன் நான், "எங்க அண்ணன் மூளை" என்பாள் உங்கள் தங்கை. இத்தனை காலமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. மூக்கு அவள் அம்மாவுடையது, நடை உங்கள் அப்பாவுடையது, மூளை ஒன்றைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். அவளிடம் என்னுடையது என்று சொல்ல ஒன்றுமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே எழுத்து மூலமாக ஒப்புக்கொள்கிறேன்: அது உங்கள் பக்கத்து மூளைதான். இனி வாதாட மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் யார் மாதிரி இருந்தாலும் அவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டாள். "பெரிய மாமாவோடதும் பொருந்தாதுப்பா" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "சின்ன வயசுல நான் எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு நீங்க சொன்னதே இல்ல. எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்க, எல்லாமே தப்பு. எது சரின்னு தேடித் தேடித்தான் என் மூளை இப்படி ஆச்சு" என்றாள். ஆதாரம் இல்லையாம், ஆராய்ச்சியில் எழுத முடியாதாம், ஆனால் என்னிடம் சொல்லலாமாம். எனக்கு அது போதும். ஆகையால் மேலே ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்குகிறேன். அத்தனை தப்பும் நான் சொன்னது, மச்சான். ஒன்றுகூட நீங்கள் சொன்னது இல்லை.