அப்பாவின் பைக்கும் பூஜ்யம் ரூபாய் கூலியும்

இருபத்து நான்கு வயதில், பைக் இன்ஜினைப் பிரித்து மாட்டுவது குக்கரைத் திறந்து மூடுவது மாதிரிதான் என்று நான் மனதார நம்பினேன். செல்போனில் பதினோரு வீடியோ பார்த்திருந்தேன். (பன்னிரண்டாவதில்தான் "வீட்டில் செய்யாதீர்கள்" என்று சொல்லியிருந்தார்களாம்.)

பைக் என்னுடையதுகூட இல்லை. அப்பா கிளார்க் வேலையில் இருந்தபோது வாங்கி, ஞாயிறுதோறும் துடைத்து வைத்திருந்த மெரூன் வண்டி. தரமணி ஆபீஸுக்குப் போக எனக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் மத்திய கைலாஷ் சிக்னலில் மீன்கூடை கட்டிய மொபெட் ஒன்று என்னை முந்திப் போனது. அன்றே முடிவு செய்தேன்: வேகம் கூட்ட ஒரு பெரிய பிஸ்டன்!

அப்பா எப்போதும் வண்டியை விடும் ராயப்பேட்டை மெக்கானிக் கரீம் பாயிடம் விசாரித்தேன்.

"போட்லாம் நைனா. கூலியே அஞ்சாயிரம் ஆவும். வண்டி நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு வம்பு?"

வீட்டுக்கு வந்து பட்ஜெட் போட்டேன். பிஸ்டனும் சிலிண்டரும் ஏழாயிரம், சைலன்சர் இரண்டாயிரம், கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அறுநூறு. (நிறத்துக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) கடைசி வரியில் "கூலி: 0" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு.

அப்பா ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போன வாரம், எங்கள் மந்தைவெளி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வேலையைத் தொடங்கினேன். பழைய பிஸ்டனைக் கழற்றும்போது விரல் நகம் அளவு கம்பி வளையம் ஒன்று தெறித்து எங்கோ போனது. தேடினேன், கிடைக்கவில்லை. புதுப் பிஸ்டனோடு புது வளையம் வந்திருந்ததே என்று விட்டுவிட்டேன். பிறகு டேங்க்குக்குக் கறுப்பு அடித்து, எடை குறையட்டும் என்று பின் மட்கார்டை நம்பர் பிளேட்டோடு கழற்றி வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்தேன். அடடா, என்ன உறுமல்! லஸ் கார்னர் வரைக்கும் நான்தான் ராஜா. அங்கே இன்ஜினுக்குள் "கடகட", அப்புறம் ஒரு "டங்". பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. நடுரோட்டில் வழுக்கி நின்றேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார்.

நியூட்ரலுக்கு மாற்றி ஓரமாகத் தள்ளும்போது பக்கத்தில் ஓர் ஆட்டோ நின்றது. கையில் பையோடு அப்பா! ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்திருக்கிறார்.

"யாரு வண்டிடா இது?"

வாய் தானாகச் சொன்னது: "ஃப்ரெண்டோடதுப்பா."

"நல்ல வண்டிய இப்படி நாசம் பண்ணியிருக்கானே! அவன் அப்பா என்ன கஷ்டப்பட்டு வாங்கினாரோ. பாவம்டா அந்த மனுஷன்."

சொன்னதோடு விட்டாரா? ஆட்டோவை அனுப்பிவிட்டு, பையை சீட்டில் வைத்து, அறுபத்திரண்டு வயதில் பின்னால் நின்று தள்ள ஆரம்பித்தார். "வேற மெக்கானிக்கைப் பாக்கலாம்ப்பா" என்று கெஞ்சினேன். "கரீம் பாய் இருக்கும்போது வேற எவன்?" என்றார். வழியெல்லாம் அந்த முகம் தெரியாத அப்பாவுக்காக உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார். (ஒவ்வொரு உச்சுக்கும் நான் ஓர் அங்குலம் குள்ளமானேன்.)

கரீம் பாய் டேங்க்கைப் பார்க்கவில்லை. குனிந்து இன்ஜினை மட்டும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இன்னா சார், உங்க வண்டிய இப்டி பண்ணி வெச்சிக்கிறீங்க?"

அப்பா வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல் நகத்தால் டேங்க்கைச் சுரண்டினார். உள்ளே மெரூன். அங்கே கிடந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கை கால்ல அடி ஒண்ணும் படலியே?"

தொலைந்த வளையம் இன்ஜினுக்குள்தான் விழுந்து, அகப்பட்டதையெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. முப்பத்தோராயிரம் ரூபாய். ஐந்து மாதம் பஸ்ஸில் போய் அடைத்தேன்.

இன்றும் வீட்டில் நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும். போன வாரம்கூட, மிக்ஸியைத் திறக்கலாம் என்று உட்கார்ந்தேன். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"ஏண்டா, உன் ஃப்ரெண்டோட அப்பா எப்படி இருக்கார்?"