சொன்ன பேச்சு கேட்காத துப்பாக்கி

மூன்றாவது தோட்டாவும் இடப்பக்கம்தான் போயிருந்தது. மர்டோக் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துப்பாக்கியை முறைத்தார். மனைவியை அப்படிப் பார்த்திருந்தால் சண்டை வந்திருக்கும். மனைவி இல்லாததால் எல்லா முறைப்பும் துப்பாக்கிக்கே போயிற்று.

போருக்கு முந்தைய காலத்துத் துப்பாக்கி அது. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, போல்ட்டைத் தள்ளி மடக்கிச் சுட வேண்டும். முயலுக்கு மேல் எதையும் மிரட்டாத சின்னத் தோட்டா. ஆனாலும் அந்த வால்நட் கட்டையில் கன்னத்தைப் பதித்து, போல்ட் 'ளொடக்' என்று மூடுவதைக் கேட்டால் மர்டோக்குக்கு முழங்கால் வலி மறந்துவிடும். எங்கள் சவுத்லாந்தில் குளிர்காலத்தை நாங்கள் தள்ளுவதே இப்படித்தான். ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, ஊர்க் கூடத்தில் வரிசையாகக் குப்புறப் படுத்துச் சுடுவோம்.

அன்று பழைய துப்பாக்கிகளுக்கான கோப்பைப் போட்டி. அதற்கு முன் பழகும் சுற்று நடந்துகொண்டிருந்தது. மர்டோக் நான்காம் எண். பக்கத்துப் பாயில், ஐந்தாம் எண்ணில், நோலீன். மறைந்த கணவரின் துப்பாக்கியோடு மூன்று வருஷமாக அங்கேதான் படுக்கிறார். அவரிடம் மர்டோக் இதுவரை பேசியது, "இன்னிக்கு குளிர் அதிகம்", "இன்னிக்கு குளிர் கம்மி" என்ற இரண்டே வாக்கியங்கள்.

நோலீன் அந்தத் துப்பாக்கியை விற்கப்போகிறார் என்று கூடத்தில் பேச்சு. வாங்குகிற ஆள் சாயங்காலம் வருகிறான். அதன் பிறகு அவர் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. அதனால் கோப்பையை ஜெயித்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதென்று மர்டோக் தீர்மானித்திருந்தார். வெறுங்கையோடு கூப்பிட அவருக்குத் துணிச்சல் போதாது.

துப்பாக்கியின் குறிகாட்டித் திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். பாய்க்கு நேரே இருந்த குறி அட்டையில் சுட்டார். இரண்டு பாய்களுக்கும் பொதுவாக நடுவில் நின்ற தொலைநோக்கியில் நான்காம் எண் பலகையைத் தேடி, அதன் கீழிருந்த அட்டையைப் பார்த்தார். தோட்டா இன்னும் இடப்பக்கம் போயிருந்தது.

"என்ன எழவுடா இது!"

இன்னும் வலப்பக்கம் திருப்பினார். அது இன்னும் இடப்பக்கம் போயிற்று. கட்டையின் திருகாணியை முறுக்கினார். வேறு தோட்டா கடன் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் சுட்டது அட்டையின் ஓரத்தையே கிழித்திருந்தது.

பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"மர்டோக், உங்ககிட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கா?" என்றார் நோலீன். "என்னோடது வலது பக்கமே ஓடுது. நான் இடது பக்கம் திருப்பத் திருப்ப, வேணும்னே வலது பக்கம் போகுது."

மர்டோக்குக்குக் குளிர் பற்றிய இரண்டு வாக்கியங்களும் மறந்துபோயின.

"உங்களோடதுமா? என்னோடது இடது பக்கம் ஓடுதுங்க!"

"அப்போ மாத்திக்கலாமா? ரெண்டும் சேர்ந்தா நேராயிடும்."

மர்டோக் சிரித்துவிட்டார். துப்பாக்கிகளை மாற்றிக்கொண்டார்கள். நோலீனுடைய போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார் மர்டோக், பிறகு இன்னொரு முறை, பிறகு சும்மாவே இன்னொரு முறை.

"அடேயப்பா! வெண்ணெய் மாதிரி போகுது. இதைப் போயா விக்கிறீங்க?"

"வீட்டுல தனியா இருக்கேன். இதை எடுத்து வெச்சுக்கிட்டு யார்கிட்ட பெருமையடிக்கிறது?"

"என்கிட்ட அடிங்களேன்," என்றார் மர்டோக். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

சுட்டார்கள். மாற்றிக்கொண்டதில் எல்லாம் இன்னும் மோசமானது. நோலீனுக்குச் சிரிப்பு தாங்காமல் துப்பாக்கி ஆட, ஒரு தோட்டா அட்டையைத் தொடாமலே பின்னாலிருந்த மணலில் போய்ப் புதைந்தது.

கூடத்தின் பொறுப்பாளர் எஃபி விசிலை ஊதினார். "நிறுத்துங்க! போல்ட்டைத் திறந்து வைங்க! போட்டிக்குப் புது அட்டை மாட்டணும்."

மர்டோக் எழுந்து உட்கார்ந்தார். இந்தத் திருகலுக்குப் பிறகு கோப்பையாவது, ஒன்றாவது. கையில் ஒன்றும் இல்லை, மடியில் நோலீனின் துப்பாக்கி மட்டும்தான் இருந்தது.

"நோலீன், எனக்குக் கோப்பை கிடைக்கப்போறதில்ல. ஆனா அடுப்புல ஆட்டுக்கறி வெந்துக்கிட்டிருக்கு. ராத்திரி சாப்பிட வரீங்களா?"

நோலீன் மர்டோக்கின் துப்பாக்கிக் கட்டையைக் கையுறையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆளுக்கு போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லணும்," என்றார். "சொல்லிட்டு வரேன். உருளைக்கிழங்கு இருக்கா, நான் கொண்டு வரவா?"

மர்டோக்கின் முகம் காதுவரை சிவந்தது. சந்தோஷத்தில் உருளைக்கிழங்கு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்கு நினைவு வரவில்லை.

"கொண்டு வாங்க," என்றார்.

அட்டைகளுக்கு மேலே இருந்த நான்கு, ஐந்து எண் பலகைகளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்த எஃபி, திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"மர்டோக், திருகினதையெல்லாம் பழையபடி திருப்பி வை. இவ்வளவு நேரம் நீ பாத்தது அவ சுட்டதை, அவ பாத்தது நீ சுட்டதை. மூணு வருஷமா பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் துப்பாக்கிகிட்டயே பேசிக்கிட்டிருந்தா, பலகையை மாத்தி மாட்டாம நான் வேற என்னதான் பண்றது?"