எர்மெதேயின் சொத்தைப் பைப்

அந்தப் புகையிலைப் பைப் தன் வாய்க்குத்தான் என்று எர்மெதே சபதம் எடுத்துவிட்டார். போப்பாண்டவரே அவர் ஊரான பேசரோ வரைக்கும் வந்து கையேந்தினாலும் கிடையாது.

பின்னே என்ன? பிரையர் புதரின் வேரை வேகவைத்து, வருஷக்கணக்கில் உலர்த்தி, கடைந்து, தேய்த்து, சீமான்கள் வாய்க்கெல்லாம் அழகழகாய்ப் பைப் செய்து கொடுத்தவர் அவர். அவர் வாயில் இருப்பதோ விளிம்பு தீய்ந்து, தண்டு விரிசல் விட்ட ஒரு கழிசடை. இப்போது கையில் இருப்பது அப்படியா? மர ரேகை ஒவ்வொன்றும் அடியிலிருந்து விளிம்பு வரை அடுப்புத் தீ மாதிரி நேராக ஏறி நிற்கிறது. ஆயிரம் வேரில் ஒன்று இப்படி அமையும். பார்க்கப் பார்க்க அவருக்குக் கண்ணே கலங்கியது.

இடைஞ்சல் ஒன்றுதான்: மனைவி நோர்மா. நல்ல பைப்பெல்லாம் விற்பனைக்கு என்பது அவள் சட்டம். எர்மெதே மூளையைக் கசக்கினார். குறையுள்ள பைப்பை எவன் வாங்குவான்? அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"நோர்மா, அந்தப் பைப் சொத்தையாப் போச்சு."

"எது? தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினியே, அதா?"

"அதேதான். பெரிய குழி. போனா போவுது, நானே வச்சுக்கறேன்."

"ஐயோ பாவம்! காட்டு, பாப்போம்."

"கண்ணுக்குத் தெரியாது."

"பெரிய குழின்னியே?"

"பெருசுதான். கொஞ்சம் கூச்ச சுபாவம்."

நோர்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உளியை எடுத்தாள். எர்மெதே சட்டையை இறுக்கிப் பிடித்தார். சொத்தைப் பைப்பை அந்த வீட்டில் சும்மா விடுவதில்லை. குழி தெரியாமல் மேலெல்லாம் மரப்பட்டை போலக் கொத்திவிடுவார்கள். அந்தக் கொத்து வேலை நோர்மாவுடையது. பொய் சொல்லும்போது மனுஷன் அதை மறந்தே போனார்.

"உளி எதுக்குடி?"

"கொத்தத்தான். நீ வச்சுக்கிட்டாலும் லட்சணமா இருக்க வேணாமா?"

"எனக்கு வழுவழுன்னே இருக்கட்டும்!"

"சொத்தைய அப்படியே விட்டா ஊர் என் கை வேலையைப் பாத்துத்தான் சிரிக்கும். குடு!"

புடைத்திருந்த சட்டைக்குள் கைவிட்டுப் பைப்பை உருவினாள். உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். 'கர்ரக்' என்று மரம் கிழிபடும் சத்தம் கேட்டது. எர்மெதேவுக்கு உயிரே போய்விட்டது.

"நிறுத்துடி! சொத்தையும் இல்ல, சொள்ளையும் இல்ல!"

"என்னது? காதுல விழல!" கர்ரக்.

"இந்த மாதிரி ஒண்ண நான் ஜென்மத்துல செஞ்சதில்ல! எங்கம்மா மேல சத்தியம்! மாசு மரு இல்லாத பைப்புடி அது!"

கதவு திறந்தது. உள்ளே, பைப் வாங்கப் பொலோன்யாவிலிருந்து வந்த பல் டாக்டர் ஸனோலி காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பைப் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. நோர்மா கொத்திக்கொண்டிருந்தது ஒரு விறகுக் கட்டையை.

"கேட்டீங்கள்ல டாக்டர்? குறையே இல்லேன்னு காலையிலேருந்து நான் சொல்றேன், நம்பலையே. செஞ்சவர் வாயால வரணும்னீங்க. வந்துடுச்சா?"

"சொத்தை இல்லேன்னு நிறைய பேர் எங்கிட்ட சாதிச்சிருக்காங்க," என்றார் டாக்டர், பைப்பைக் கோட்டுக்குள் வைத்தபடி. "அது நிஜமா இருந்தது இதுதான் முதல் தடவை."

எர்மெதே அசரவில்லை. மீசை துடிக்க, மேஜையை ஓங்கி அறைந்தார்.

"அடுத்தது எனக்குத்தான்! எவன் வந்தாலும் விடமாட்டேன்! பாத்துடறேன் ஒரு கை!"

"உனக்கில்லாமலா?" என்று நோர்மா விறகுக் கட்டையை அவர் கையில் வைத்தாள். "கொத்து வேலை முடிஞ்சுது. துளை மட்டும் நீ போட்டுக்கோ."