கொம்பில் ஏறாத பெருவள்ளி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. குரலை ஏத்திப் பேச முடியாது, அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள். நான் இங்கே முணுமுணுத்தால் அவளுக்கு ஆவடி ஸ்டேஷனில் நின்றாலும் கேட்கும்.

என் பேர் சின்னப்பையன். வயசு அறுபத்தெட்டு. பெண்சாதி பேர் வேம்புலியம்மாள். பேரிலேயே வேம்பும் இருக்கிறது, புலியும் இருக்கிறது. நான் எங்கே ஓடுவது?

எனக்குச் சக்கரை வியாதி. முந்தின வருஷம் இடது கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின அன்றைக்கே ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோவில்பதாகை வீட்டில் இனிப்பு செத்துப்போனது. சக்கரை டப்பாவில் கல் உப்பு குடியேறியது. அவளும் வெறும் டீதான் குடித்தாள். யாரும் அவளைக் குடிக்கச் சொல்லவில்லை. "கிழங்கெல்லாம் அளவா சாப்பிடுங்க" என்றுதான் டாக்டரம்மா சொன்னார்கள். இவள் தனிச் சட்டம் போட்டாள். பெருவள்ளி உள்ளே வரலாம். சக்கரவள்ளி வாசப்படியை மிதிக்கக் கூடாது.

எனக்கோ உயிரே சக்கரவள்ளிதான். பெருவள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே மரப்பட்டை மாதிரி தோல். அதில் சவரம் பண்ணாத தாடி மாதிரி வேர். உள்ளே வெள்ளை. வேகவைத்துத் தின்றால் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாக்குக்குப் பேச்சே வராது. சக்கரவள்ளி அப்படியா? ரோஸ் கலர், மெல்லிசுத் தோல், வாயில் போட்டால் கரைந்துவிடும்.

ஆவணியில் ஒரு நாள் முடிவு பண்ணினேன். அடுத்த விரலை எடுப்பதற்குள் ஒரு சக்கரவள்ளி தின்றே தீருவது. கடையில் வாங்கினால் மாட்டிக்கொள்வேன். நானே பயிர் பண்ணுவேன், பெருவள்ளி என்று சொல்லிவிடுவேன். மண்ணுக்குள் எட்டிப் பார்க்கவா போகிறாள்? பொங்கலுக்குத் தோண்டிச் சூரியனுக்குப் படைத்துவிட்டால் தீர்ந்தது. படைத்ததைத் தின்னாதே என்று அவள் சொல்ல மாட்டாள்.

அயனம்பாக்கத்துக் கலியமூர்த்தி என்னோடு தொழிற்பேட்டையில் லேத்து மெஷின் ஓட்டினவன். அவன்தான் கொடித்தண்டு கொடுத்தான். மொட்டைமாடியில் மீன்காரர் தூக்கிப்போட்ட தெர்மாகோல் பெட்டியில் மண் கொட்டி நட்டேன்.

"இன்னாய்யா அது?"

"பெருவள்ளி."

"பெருவள்ளிய கிழங்கத் துண்டு போட்டுத்தானே நடுவாங்க. நீ இன்னா தண்ட சொருவிகினு கீறே?"

"இது புது ரகம்டி."

"சித்திரையில வெச்சாத்தான் தைக்கு வரும்."

"புது ரகம்னு சொன்னேன்ல? பறந்துகினு வரும்."

"ஓ..." என்றாள். அந்த 'ஓ'வின் நீளம் எனக்குப் பிடிக்கவில்லை.

பெருவள்ளிக்கு ஒரு கொம்பு நட்டால் போதும், தானே சுற்றிக்கொண்டு ஏறும். சக்கரவள்ளி ஏறாது, தரையிலேயே படுத்துக்கொள்ளும். என்னை மாதிரி. அதனால் பழைய லுங்கியைக் கிழித்துக் கிழித்துக் கொடியைக் கொம்போடு கட்டினேன். காலையில் கட்டுவேன். சாயங்காலம் சரிந்து தொங்கும்.

"இன்னாய்யா, உன் பெருவள்ளி பஸ்ல அடிபட்டுச்சா? இத்தினி கட்டு போட்டுக்கீறே?"

"காத்து ஜாஸ்திடி."

ஐப்பசி மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அதில் நடந்ததில் என் கால் புண் மறுபடி வாயைத் திறந்தது. தினமும் அவள்தான் கழுவிக் கட்டினாள். ஒரு நாள் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"யோவ், மேல ஊதாப்பூ பூத்துக்கீது. ரேடியோப்பூ மாதிரி, கொழா வெச்சிகினு. பெருவள்ளி இப்டியா பூக்கும்?"

"மழைக்குப் பூக்கும்."

துணியை ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டாள். எனக்கு உயிர் போய் வந்தது.

"இன்னொரு விரலும் போச்சுன்னா எப்டிய்யா மாடி ஏறுவே?"

நான் சுவரைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு சக்கரவள்ளியை நினைத்துக்கொண்டிருந்தது.

போகியன்று அவள் பூந்தமல்லிச் சந்தைக்குப் போய் வந்தாள். பையைக் காட்டவில்லை. மஞ்சள் கொத்தாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலன்று காலையில், "ஈரத்துல கால வெக்காதே" என்று அவளே மாடிக்குப் போய்த் தோண்டினாள். படிக்கட்டுக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தேன். இறங்கி வந்தாள். முறம் நிறைய ரோஸ் கலர்! அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கரும்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூரியனுக்குப் படைத்துக் கற்பூரம் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமியே சாட்சி. இனி என்னை யார் தடுப்பது?

இலை போட்டாள். ஆவி பறக்கக் கிழங்கு வைத்தாள். வெள்ளையாக இருந்தது. கடித்தேன். சாவு வீடு.

"இன்னாடி இது?"

"உன் பெருவள்ளிதான்யா. நீ வளத்தது. தின்னு."

"என்னுது இது இல்லியே..."

"அப்போ உன்னுது எப்டி இருக்கும்? சொல்லேன், கேக்கறேன்."

வாயைத் திறந்தால் ஆவணியிலிருந்து சேர்த்த பொய்யெல்லாம் இலையில் விழும். மூடிக்கொண்டு மென்றேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவள் இலையில் ரோஸ் கலர்.

"அது?"

"இதுவா? பக்கத்து ஊட்டு ஜெகதாம்பா குடுத்தா. சக்கரவள்ளி. எனக்கு இன்னா சக்கரையா கீது?"

நிதானமாகத் தோலை உரித்தாள். ஒரு கடி கடித்தாள். என் விரல் போன பிறகு அவள் வாயில் படுகிற முதல் இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள்.

பிறகு உரித்த தோலையெல்லாம் திரட்டி என் இலை ஓரத்தில் வைத்தாள்.

"கால் ஆறினதும் இத்த எடுத்துகினு போய் உன் பெருவள்ளிக்கு உரமா போட்டுடுய்யா. வர்ற வருசமாவது கொம்புல ஏறுதா பாப்போம்."