சாட்சி: அடைக்கலம்

அந்த மணிச்சத்தம் முப்பது வருஷமாக இளவரசன் காதில் இருக்கிறது. கண்டோன்மென்ட்டில், மாடியில் ஒரு இன்ஷூரன்ஸ் கிளை. மின்விசிறி சுற்றியும் காற்று வராத ஒரு மதியம். கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளவரசன், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கூட வந்த நண்பர் அடைக்கலம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அந்தப் பெண் எழுந்து போய், மேலாளர் மேசையில் இருந்த வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டினாள். குளத்தில் கல் விழுந்த மாதிரி அந்த ஒலி வட்டம் வட்டமாக விரிந்து, சுவரைத் தொட்டு அடங்கியது.

தனக்காகத்தான் அடிக்கிறார்கள் என்று இளவரசன் பூரித்துப்போனார். அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. புது பாலிசி ஒன்று பிடித்தால் மணி அடிப்பது அந்தக் கிளையின் வழக்கம். அது கையெழுத்துப் போட்டவருக்காக அடிக்கிற மணி அல்ல. போட வைத்தவருக்காக அடிக்கிற மணி.

அந்தப் பெண் அனுசுயா. இப்போது அதே கம்பெனியில் திருச்சி கோட்ட மேலாளர். பழைய கிளையைக் காலி செய்தபோது, யாரும் வேண்டாமென்று விட்ட மணியை ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். அதன் பக்கத்தில்தான் ஊறுகாய் ஜாடி.

போன ஆடியில் சிக்கல் சென்னையிலிருந்து வந்தது. மண்டல மேலாளர் பதவி. இரண்டு வருஷம் சென்னையில் இருக்க வேண்டும்.

"யோசிக்கணும்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அனுசுயா, மோர் ஊற்றிக்கொண்டே.

இளவரசன் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகவில்லை. மகள் கல்யாணமாகி பெங்களூரில். பகலெல்லாம் அந்த வீட்டில் அவர் காத்திருப்பது ஒரே ஒரு சத்தத்துக்காக: சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம். அது சென்னைக்கு மாற்றலாகிப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்தில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே சதி செய்வது என்று முடிவெடுத்தார்.

யோசனை கேட்க ஆள் வேண்டுமே. அம்மா மண்டபம் படித்துறையில் அடைக்கலம் உட்கார்ந்திருந்தார். மனைவி போன பிறகு கே.கே. நகரில் தனியாக இருப்பவர். மடியில் மணப்பாறை முறுக்குப் பொட்டலம்.

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" என்றார் அடைக்கலம். "அந்தம்மா இல்லாம வீடு ஒரு நாள்கூட ஓடாதுன்னு தெரியணும். தெரிஞ்சா எப்படிப் போகும்?"

"வீடு இப்ப நல்லாத்தானே ஓடுது?"

"ஓடாம நிறுத்து. நீதான் வேலைவெட்டி இல்லாம இருக்கியே?"

இளவரசன் மறுநாளே ஆரம்பித்தார். இட்லி மாவை ஒரு சின்னப் பாத்திரத்தில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, நல்ல வெக்கையான இடமாகப் பார்த்து வைத்தார். காலையில் அது பொங்கி, மேடையில் வழிந்து, அடுப்புக்கு அடியில் போய்ப் படுத்திருந்தது. அவர் மனசுக்கு நிறைவாக இருந்தது.

இங்கே அனுசுயாவின் அலுவலகப் பழக்கங்களைக் கொஞ்சம் சொல்லவேண்டும். தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்துத்தான் கூட்டம் நடத்துவாள். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பாள். அன்றைக்கு இருப்பதிலேயே கசப்பான வேலையை முதலில் முடிப்பாள். ரொம்பக் கோபமாக இருக்கிற பாலிசிதாரருக்குத்தான் முதல் போன். பாராட்டுவதை நாலு பேர் முன்னால் செய்வாள், குறை சொல்வதைக் கதவைச் சாத்திக்கொண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் என்ன பிரச்சினையைக் கொண்டுவந்தாலும் அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்புவாள்.

காபி டம்ளரோடு அடுக்களையில் நின்றபடி மாவைப் பார்த்தாள்.

"பொங்கிடுச்சு அனு" என்றார் இளவரசன், துக்க வீட்டுக் குரலில். "நீ பாத்திருந்தா இப்படி ஆயிருக்காது."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நானா? நான் என்ன நினைக்க?"

"இனிமே இப்படி ஆகாம இருக்க என்ன செய்யலாம்?"

"பெரிய பாத்திரமா வச்சிருக்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"நல்ல யோசனை. நீங்களே பாருங்க."

மாவு அவர் பொறுப்பாயிற்று.

அடுத்தது தண்ணீர் மோட்டார். போட்டுவிட்டு, நிறுத்தாமல், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டு பானுமதி காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் அருவியாகக் கொட்டியது.

"சார்! வடகமெல்லாம் நீச்சலடிக்குது! என்ன சார் பண்றீங்க?"

இளவரசன் மனைவியை நம்பிக்கையோடு பார்த்தார். கோட்ட மேலாளர் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

மோட்டாரும் அவர் பொறுப்பாயிற்று. பானுமதிக்கு வடகம் பிழிந்து கொடுக்கிற வேலையும்.

கடைசி ஆயுதமாக ஒரு மயக்கத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சரிந்து, கண்ணைச் செருகினார். இன்ஷூரன்ஸ்காரியிடம் மயக்கம் போடக்கூடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் காரில் ஏற்றி, தலை முதல் கால் வரை ஒன்று விடாமல் பரிசோதனை செய்ய வைத்தாள். டாக்டர் முடிவுகளைப் பார்த்துவிட்டு இளவரசனை ஒருவிதப் பொறாமையோடு பார்த்தார்.

"இவருக்கு ஒண்ணுமே இல்லம்மா. தனியா இமயமலைகூட ஏறலாம்."

"தனியா ஏறலாமா டாக்டர்?" என்று அனுசுயா அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு நடந்ததுதான் இளவரசனே எதிர்பாராதது. ஒரு நாள் காலை இட்லி பூவாக வந்தது. அனுசுயா ஒரு இட்லியைச் சாப்பிட்டு முடித்தாள். கையை நீட்டி, வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த ஒலி வட்டம் வட்டமாக விரிந்து அடுக்களைச் சுவரைத் தொட்டது. இளவரசனுக்கு உடம்பு சிலிர்த்தது. தொழிற்சாலையில் அவ்வளவு வருஷம் உழைத்தார். ஒருவரும் ஒரு டம்ளரைக்கூடத் தட்டியதில்லை.

அன்றிலிருந்து அவர் மணிக்காக வாழ ஆரம்பித்தார். காந்தி மார்க்கெட்டுக்குப் போய் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்கினார். ரசத்துக்கு ஒரு மணி. வத்தக்குழம்புக்கு ஒரு மணி. கேஸ் தீர்வதற்கு முன்பே பதிவு செய்ததற்கு ஒரு நீண்ட மணி. மாவு ஆட்டுவதைப் பற்றிப் பானுமதிக்கே யோசனை சொன்னார். படித்துறையில் அடைக்கலத்தை உட்காரக்கூட விடவில்லை.

"நின்னுக்கிட்டே பேசுய்யா. உக்காந்தா பேச்சு வளரும்."

"யோவ், சதி என்னய்யா ஆச்சு?"

"எந்தச் சதி?" என்றார் இளவரசன். உண்மையிலேயே மறந்திருந்தார்.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிறு, அனுசுயா அடைக்கலத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, வாழைப்பூப் பருப்பு உசிலி, பால் பாயசம். இளவரசன் இடுப்பில் துண்டோடு பரிமாறினார். அடைக்கலம் முதல் கவளத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டார். மனைவி போன பிறகு அவர் அப்படிச் சாப்பிட்டதில்லை. கண் லேசாகக் கலங்கியது. காரம் என்றார்.

"அண்ணே, எல்லாம் இவரேதான்" என்றாள் அனுசுயா, பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்கிற குரலில். இருந்தது ஒருவர்தான். அது போதுமாக இருந்தது. "இப்ப வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."

"நெசமாவா தங்கச்சி? நம்பவே முடியல. நீ ஒரு வாரம் ஊருக்குப் போனா இவன் தாங்குவானா?"

"அதை அவர்தான் சொல்லணும்" என்றாள் அவள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இளவரசன் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒரு வாரமா? ரெண்டு வருஷம் நடத்திக் காட்டுறேன்யா!"

மணி அடித்தது.

அது விரிந்து, சுவரைத் தொட்டு, அடங்குகிற வரைக்கும் இளவரசன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அடங்கிய பிறகு, கண்டோன்மென்ட் மாடியும் காற்று வராத மின்விசிறியும் நினைவுக்கு வந்தன. எதிரே பார்த்தார். அதே அடைக்கலம், அதே சாட்சி.

"சென்னைக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்" என்றாள் அனுசுயா. "வீடு என்ன ஆகும், நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு ஒரே கவலை. முடியாதுன்னுதான் சொல்லலாம்னு இருந்தேன். அன்னைக்கு மாவு பொங்கிச்சு பாருங்க, அப்பதான் உங்களுக்குக் கத்துக்குடுக்கலாம்னே தோணுச்சு."

சதி எதுவும் செய்யாமல் வெறுமனே பேப்பர் படித்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

அடைக்கலம் வாழைப்பூவை மென்றபடி தரையைப் பார்த்தார். அனுசுயா பாயசத்தைத் தள்ளி வைத்தாள். முகத்தில் மேலாளர் களை இல்லை.

"நிஜமாவே கேக்குறேன். நான் போகட்டுமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, 'போகாதே' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இடம் கிடைத்திருந்தது. ஆனால் இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் அந்தக் கேள்வியையும் அதை அவள் முடித்து வைக்கிற வார்த்தையையும் கேட்டுக் கேட்டு, நாக்கு வேறு வழிக்குப் பழகிவிட்டிருந்தது.

"நல்ல யோசனை" என்றார் இளவரசன். "நீயே பாரு."

இப்போது அனுசுயா சென்னையில் மண்டல மேலாளர். வெள்ளிக்கிழமை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, சனிக்கிழமை விடியலில் வந்து கேட்டைத் திறக்கிறாள். மற்ற நாட்களில் அடைக்கலம் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். சாப்பாடு பிடித்திருந்தால் மணியை அவர் அடிக்கிறார்.