தாசில்தாரின் மீனுக்குப் புற்றுமண் கொடுத்தேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. இந்த வியாதியால் நான் பட்டதிலேயே பெரிய பாடு, சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு மீனால் பட்டது.

ஐம்பதுகளின் தொடக்கம். என்னை நிரந்தரமாக்கலாம் என்று தாசில்தார் ஒரு கடிதம் எழுதவேண்டும். அதற்காக ஏழு மாதமாக அவர் தும்மினால்கூட எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் அவருடைய மச்சினர் பட்டணத்திலிருந்து கண்ணாடி ஜாடியில் ஒரு மீனைக் கொண்டுவந்தார். அது என்ன மீன், என்ன தின்னும் என்று எதுவும் சொல்லாமலே ரயிலேறிவிட்டார். கட்டைவிரல் நீளம், கருநீல நிறம், சேலைக் கொசுவம் போல வால்.

"ஒமக்கு மீனைப் பத்தித் தெரியுமாவே?" என்றார் தாசில்தார்.

"நல்லாத் தெரியும் ஸார். இது கெண்டையில ஒரு ஜாதி" என்றேன். (நாங்கள் கோயிலில் தேவாரம் பாடும் குடும்பம். தெப்பக்குளத்தில் பொரி எறிந்தால் வாயைப் பிளக்கும் என்பதற்கு மேல் மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.) அவர் நிம்மதியாக ஜாடியை என் மேசையில் வைத்துவிட்டு ராயகிரிக்கு நான்கு நாள் காம்ப் போனார்.

பொரி போட்டேன். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டுக்கடலை, தயிர்சாதத்தில் நாலு பருக்கை, எதையும் தொடவில்லை. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. மூச்சு முட்டுகிறதோ என்று பனைவிசிறியால் விசிறினேன். ஒரு வரி எழுதுவேன், எழுந்து பார்ப்பேன். உட்காருவேன், மறுபடி எழுந்து பார்ப்பேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. மீன் போனால் உத்தியோகமும் போச்சு.

மூன்றாம் நாள் அது அடியில் ஒண்டிக்கொண்டது. எங்கள் ஊரில் வயிற்றுவலி முதல் சொறி வரை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, கோயில் புற்றுமண். மனிதருக்குக் கேட்பது மீனுக்குக் கேட்காதா? அம்பாளை வேண்டிக்கொண்டு ஒரு உருண்டையைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் செம்மண் குழம்பாகி மீனே கண்ணுக்குத் தெரியவில்லை.

முன்பு கொழும்பில் மீன் வளர்க்கிற ஒரு வீட்டில் வேலை பார்த்த பியூன் மாடசாமிதான் ஓடிவந்து தண்ணீரை மாற்றினார்.

"சாமி, இது சண்டை போடுத மீனு. உசுரோட நெளியுததத்தான் திங்கும். தொட்டியில கொசுப்புழு கெடக்கும், அள்ளிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, சம்மன் கொடுக்க மேலநீலிதநல்லூர் போய்விட்டார்.

எறும்பை மிதித்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு காப்பி வடிகட்டியால் அள்ளிப் போட்டேன். மீன் பாய்ந்து பாய்ந்து தின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. அந்தத் தெருவில் எந்தத் தொட்டியையும் விடவில்லை.

மறுநாள் தாசில்தார் வந்து இறங்கியபோது நான் வேட்டியை மடித்துக்கட்டி, ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் வீட்டு வாசலிலோ தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆபீசுக்குள் போய்க் கடிதம் எழுதினார். மலேரியா ஒழிப்புக்கு அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கொசுப்புழுவைத் தேடிப் பிடிப்பதில் நான் மிகுந்த ஆர்வமுள்ளவன் என்று அதில் எழுதியிருந்தார்.

நிரந்தரமானேன். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டுத் தொட்டிகளை எட்டிப் பார்த்தேன். என் உத்தியோகத்தை யாராவது விசாரித்தால் இன்றைக்கும் என் மனைவிதான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள்.

"வீட்டுல ஒரு காப்பி போடத் தெரியாது. மீனுக்கு ஆக்கிப்போட்டு பெர்மனென்ட் ஆனவுக."