புத்தூரில் நஷ்டத்துக்கு டேப் விற்றவன்

ஆடி பொறந்த அன்னைக்கு ஒரு பெரிய முடிவு எடுத்தேன். இனிமே என் மொபைல் கடையில டேப்லெட்டை நஷ்டத்துக்குத்தான் விக்கறது.

சிரிக்காதீங்க. நஷ்டம் வர்றது வேற, நஷ்டத்துக்கு விக்கறது வேற. மொதல்லது தலையெழுத்து. ரெண்டாவது ஸ்ட்ராட்டஜி. பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் இப்படித்தான் பண்றான்னு போன்ல ஒரு வீடியோவுல ஒருத்தர் கோட்டு போட்டுக்கினு சொன்னாரு. கோட்டு போட்டவர் பொய் சொல்லுவாரா?

ஆனா இதை என் சம்சாரம் பிரமிளாவுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிப் போச்சு. அவ வீட்லயே தையல் தெய்க்கிறவ. மடியில ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கினு கொக்கி வெச்சிக்கினு இருந்தா.

"இன்னா வெலைக்கு வாங்குன?"

"மூவாயிரத்து எழுநூறு."

"இன்னா வெலைக்கு விக்கப் போற?"

"மூவாயிரத்து ஐந்நூறு."

"நடுவுல எரநூறு?"

"போச்சு."

"எங்க போச்சு?"

"கஸ்டமர்கிட்ட."

"அந்த கஸ்டமர் பொம்பளையா?"

"ஐயோ, பிரமிளா! டேப்பு வாங்கறவன் சும்மா போவானா? கவர் வாங்குவான். கிளாஸ் ஒட்டுவான். ஹெட்செட்டு கேப்பான். அதுல எல்லாம் பாதிக்குப் பாதி லாபம். டேப்புல உடறதை கவர்ல புடிச்சிருவேன்."

"கவரை அவன் வேற எங்கனா வாங்கிட்டான்னா?"

"வேற எங்க வாங்குவான்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அப்பவே நான் உஷாராயிருக்கணும். பிரமிளா சும்மா கேட்டதா எங்க வம்சத்துலயே சரித்திரம் கெடையாது.

எங்க ஊருக்கு யார் வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கை ஒடைஞ்சவன், கால் ஒடைஞ்சவன். சென்னையில, நெல்லூர்ல, கடப்பாவுலன்னு எங்கெங்கயோ வழுக்கி வுழுந்துட்டு, எலும்புக் கட்டு கட்டிக்க புத்தூருக்கு வர்றாங்கோ. கட்டு கட்டிட்டா அப்புறம் வாரக்கணக்குல மல்லாந்து படுத்துக்கினு ஃபேனைப் பாக்கணும். ஃபேனுக்குப் பதிலா நம்ம டேப்பைப் பாக்கட்டுமே! அதுவுமில்லாம பழைய கட்டைப் பிரிச்சு மறுகட்டு போட அவங்க திரும்ப வந்தே ஆகணும். வேற எந்த ஊர் வியாபாரிக்கு இப்படி ஒரு கஸ்டமர் கெடைப்பான்? வரலைன்னா எலும்பு கோணலா சேந்துடும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு பிரமிளா ஊசியை நிறுத்தினா.

"சரி. தீபாவளி வரைக்கும் பாரு. அதுக்குள்ள கடை தேறலைன்னா ஷட்டரை இழுத்து மூடிட்டு, நகரியில எங்க நைனாகிட்ட வேலைக்குச் சேந்துடணும்."

மாமனாருக்கு நகரியில விசைத்தறி ஷெட்டு. கல்யாணமான நாள்லேர்ந்து அவர் என்னை கன்னையான்னு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் மொபைலு"ன்னுதான் கூப்பிடுவாரு. தறி ஓடற சத்தத்துல பக்கத்துல இடியே வுழுந்தாலும் கேக்காது. மாமனார் திட்டறது மட்டும் தெளிவா கேக்கும். அங்க போறதுக்கு நானே ரெண்டு காலையும் ஒடைச்சிக்கினு கட்டு கட்டிக்கலாம்.

ஆனா கடவுள் கண்ணைத் தொறந்தாரு. ஒரே வாரத்துல கடையில கூட்டம்! ஒரு கையைத் தொங்கவிட்டவன், ரெண்டு பேர் தோள்ல தொங்கிக்கினு வந்தவன், எல்லாரும் "அந்த மூவாயிரத்து ஐந்நூறு டேப்பு எங்க?"ன்னு கேட்டுக்கினே உள்ள வர்றாங்கோ. நான் ஒரு போர்டுகூட வெக்கலை. பேர் தானா பரவுதுன்னு காலரைத் தூக்கி விட்டுக்கினேன்.

ஒரே ஒரு குறை. ஒருத்தனும் கவர் வாங்கலை.

ஆரணியிலேர்ந்து வேதாச்சலம்னு ஒரு பெரியவர் வந்தாரு. வலது கையில தடியா கட்டு. இடது கையால பணத்தை எடுத்து வெச்சாரு.

"கவர் போட்டுடட்டுமா சார்?"

"வேணாங்க."

"கீழ வுழுந்தா ஒடைஞ்சிடும் சார்."

"நானே வுழுந்து ஒடைஞ்சிதான் வந்திருக்கேன்."

"அதான் சார் சொல்றேன், உங்களுக்கும் ஒரு கவர் இருந்திருந்தா..."

"வேணாம்னா விடுங்களேன்!"

சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. அந்த சிரிப்புதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. ஏன்னா அதே சிரிப்பைத்தான் அவருக்கு முன்னாடி வாங்கினவனும் சிரிச்சான். பின்னாடி வாங்கினவனும் சிரிச்சான். எனக்குத் தெரியாம என்னமோ நடக்குது.

அதுக்கப்புறம் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. கவரைச் சந்தேகப்பட்டேன். அதோட கலரைச் சந்தேகப்பட்டேன். எனக்கு சரக்கு அனுப்பின சென்னைக்காரனைச் சந்தேகப்பட்டேன். கடைக்கு எதிர்ல வந்து நின்ன மாட்டைக்கூட ரெண்டு நிமிஷம் சந்தேகமா பாத்தேன்.

வேதாச்சலம் மறுகட்டுக்குத் திரும்ப வந்தப்பதான் விஷயம் கொஞ்சம் வெளிய வந்துச்சு. கடை வாசல்ல போய்க்கினு இருந்தாரு. கழுத்துல பட்டையா ஒரு வார். வயித்துகிட்ட நல்ல கனமான துணியில ஒரு பை. பை மேல்பக்கம் தொறந்து, அதுல நம்ம டேப்பு சாஞ்சிக்கினு நிக்குது. பெரியவர் இடது கையால தேச்சுத் தேச்சு சீரியல் பாத்துக்கினு நடக்கறாரு. ஒரு கை ஒடைஞ்சவனுக்குன்னே தெச்ச பை!

ஓடிப் போய் மறிச்சேன். "சார், இது எங்க வாங்கினீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யார்கிட்ட சொல்லக் கூடாதாம்?"

"குறிப்பா உங்ககிட்ட."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. இது எதிர்க்கடை சிரஞ்சீவி வேலைதான். நேரா அவன் கடைக்குள்ள பூந்தேன். அவன் தெலுங்கும் தமிழும் கலந்து பேசற ஆளு.

"ஏம்ப்பா சிரஞ்சீவி, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"ரா அன்னா, ரா! நீ பிளான் சூப்பர் அன்னா! ஒரு கையில உடறே, இன்னொரு கையில புடிக்கறே. எனக்குக் கூட ரெண்டு பாயிண்ட் செப்பு அன்னா."

"நக்கலா?"

"சத்தியமா அன்னா, நக்கல் லேது! உன்னால என் கடையில ஒரு டேப்பு போவல. ஆனா மூளைக்கு ஒரு கும்பிடு."

குத்திக் காட்டறான்னு நெனச்சிக்கினு வந்துட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தா, செவ்வாக்கிழமையும் அதுவுமா கோழிக்கறி. எனக்கு மறுபடியும் சந்தேகம்.

"சிரஞ்சீவிதான் பண்றான், பிரமிளா. பை தெச்சு விக்கறான்."

"அவனாத்தான் இருக்கும். அவன் மூஞ்சியே சரியில்லை. அதுக்காக நீங்க டேப்பு விக்கறதை நிறுத்திடாதீங்க. நீங்க பாட்டுக்கு வித்துக்கினே இருங்க."

சாப்பாட்டுல வெச்ச கை அப்படியே நின்னுடுச்சு. எங்க வீட்ல "நீ"ன்னா சமாதானம். "யோவ்"னா சாதாரண சண்டை. "நீங்க"ன்னு ஆரம்பிச்சா எங்கயோ குழி தோண்டி வெச்சிருக்கான்னு அர்த்தம். ஆனா கோழிக்கறி நல்லா இருந்துச்சு. ரெண்டாவது தடவை போட்டுக்கினு துன்னுட்டுப் படுத்துட்டேன்.

மறுநாள் நானே துப்பறிய எறங்கினேன். கையில கெடைச்ச ஒரு மர ஸ்கேலை வலது கையில வெச்சு, பழைய வேட்டியைக் கிழிச்சு சுத்திக் கட்டினேன். மூஞ்சிக்கு மாஸ்க்கு. தலைக்கு முண்டாசு. ஒரு டேப்பை இடது கையில புடிச்சிக்கினு, கட்டு கட்டற எடத்துல கூட்டத்தோட கூட்டமா போய் உக்காந்து "அம்மா, அப்பா"ன்னு மொனகினேன். பக்கத்துல இருந்தவர் இரக்கப்பட்டு எனக்கு விசிறிவிட்டாரு.

வாசல்ல செல்லியம்மான்னு ஒரு அம்மா இட்லி வித்துக்கினு இருக்கும். அது கண்ணு நேரா டேப்பு மேல வந்துச்சு.

"பை வேணுமா தம்பி? ஒத்தக் கையிலயே பாக்கலாம். அளவு எடுத்து தெச்சுத் தருவாங்கோ."

"யாரு?" மூக்கால பேசினேன்.

"வா, காட்றேன்."

இட்லிக் கூடையை மூடிட்டு செல்லியம்மா முன்னாடி நடந்துச்சு. நான் பின்னாடியே போனேன். ஒரு சந்துல திரும்புச்சு. எனக்குத் தெரிஞ்ச சந்து. ஒரு வேப்பமரம் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச வேப்பமரம். ஒரு பச்சை கேட்டைத் தள்ளுச்சு. அந்த பச்சை பெயிண்டை அடிச்சவனே நான்தான். அது எங்க வீட்டுப் பின்வாசல்!

நான் என்னைக்குமே எட்டிப் பாக்காத பின்கட்டு ரூம்ல ரெண்டு புது தையல் மிஷின். ரெண்டு பொண்ணுங்க தடதடன்னு தெய்க்கறாங்கோ. நடுவுல பிரமிளா, கழுத்துல டேப்பைப் போட்டுக்கினு. நான் சொல்றது அளவெடுக்கற டேப்பு. என்னை நிமுந்துகூட பாக்காம கழுத்துலேர்ந்து வயித்து வரைக்கும் அளந்தா.

"முந்நூத்தம்பது. தொப்பை இருக்கறதால வார் நீளமா வெக்கணும். அதுக்கு ஒரு அம்பது சேத்து ஆவும்."

குரல் குடுத்தா மாட்டிக்குவேன். பேசாம இடது கையால நானூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கி இடுப்புல சொருகினா.

"இப்ப கையைப் பிரிச்சு என் ஸ்கேலை எடுய்யா. காலையிலேர்ந்து வீடு பூரா தேடிக்கினு இருக்கறேன்."

அந்த ரெண்டு பொண்ணுங்களும் மிஷினை நிறுத்திட்டுச் சிரிச்சாங்கோ. செல்லியம்மா இட்லிக் கூடையோட நழுவிடுச்சு. நான் மாஸ்க்கைக் கழட்டினேன்.

"அடிப்பாவி! கட்டின புருசன் கஸ்டமரையே தட்டிக்கினு போனியே!"

"உன் கஸ்டமரா? அவங்க உன் கடைக்கு எப்படி வர்றாங்கோன்னு நெனச்ச? 'அங்க ஒரு ஆளு நஷ்டத்துக்கு விக்கறான், வாங்கிக்கினு வா, பை நாங்க தர்றோம்'னு செல்லியம்மாதானே அனுப்புது. ஒரு பைக்கு இவ்ளோன்னு அதுக்குக் கமிஷன் தர்றேன்."

என் பேர் தானா பரவுனது இப்படித்தான்.

"துணி ஏது?"

"நைனா ஷெட்டுல மிஞ்சற துண்டு."

"அப்போ மாமாவுக்கும் தெரியுமா?"

"பார்ட்னருக்குத் தெரியாம எப்படிய்யா இருக்கும்?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அளவெடுக்கற ஸ்டூல்லயே உக்காந்துட்டேன். ஊரே சேந்து என்னை முட்டாளாக்கியிருக்குது. ஸ்ட்ராட்டஜியாம், மண்ணாங்கட்டி!

பிரமிளா பக்கத்துல வந்து நின்னா. குரல் கொஞ்சம் எறங்குச்சு.

"இப்ப எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு இருக்கற? நீ ஒரு டேப்புக்கு எரநூறு உடற. நான் ஒரு பைக்கு அதுக்கு மேலயே புடிக்கறேன். கவர்ல புடிச்சிருவேன்னு நீதானே சொன்ன? புடிச்சாச்சு. உன் ஸ்ட்ராட்டஜி நல்ல ஸ்ட்ராட்டஜிதான்யா."

"அப்போ தீபாவளிக்கு நான் நகரிக்குப் போவணுமா?"

"நீ போயிட்டா யாரு நஷ்டத்துக்கு விக்கறது? கடை வாடகையை நான் கட்டிடறேன். டேப்பு சரக்குக்கும் நானே பணம் தர்றேன். நீ அதே வெலைக்கு வித்துக்கினு இரு."

போன உசுரு திரும்பி வந்துச்சு. மாமனார் ஷெட்டு இல்லை, அது போதும். ஆனாலும் ஆம்பளைக்குன்னு ஒரு மானம் இருக்குது இல்ல? எழுந்து நின்னு முண்டாசைச் சரி பண்ணிக்கினேன்.

"சரி, உன் கிட்ட வேலைக்கு இருக்கறேன்னே வெச்சிக்கோ. மாசம் எனக்கு சம்பளம் இன்னா தருவ?"

பிரமிளா பல்லால நூலைக் கடிச்சுத் துப்பினா.

"சம்பளமா? பத்து வருசமா உன்னையே நான் நஷ்டத்துலதான்யா வெச்சிக்கினு இருக்கறேன், பின்னால எதுனா லாபம் வரும்னு!"